முக்கால் நிமிஷம்

அவருடைய போனும் அதன் பேட்டரியும் ஒரே பையில் இருந்து நான் பார்த்ததில்லை. போன் சட்டைப் பையில் இருக்கும். பேட்டரி கால்சட்டைப் பையில் இருக்கும். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் இரண்டையும் வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பொருத்தி, அந்தப் பட்டன் போன் விழித்துக்கொண்டு தன் பாட்டைப் பாடி முடிக்கும் வரை பொறுமையாக நிற்பார். பேசி முடித்த கையோடு மறுபடி கழற்றிவிடுவார். நாம் அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் இல்லையென்றால் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பேச்சும் முக்கால் நிமிஷத்தைத் தாண்டாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். எதிராளி பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, "சேதி சொல்லியாச்சு, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவார். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'முக்கா நிமிசம்'தான். பலசரக்குக் கடைக்காரர், "முக்கா நிமிசம் வாராரு, வெரசாப் பொட்டலத்தக் கட்டுப்பா" என்பது அவர் காதிலேயே விழும். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் வீட்டு மாடியில் நானும் என் கணவரும் பதின்மூன்று வருஷமாகக் குடியிருக்கிறோம். அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமா பட்டாளத்தில் வயர்லெஸ் செட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானோ ஒரு செல்போன் கம்பெனியின் கஸ்டமர் கேரில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, திட்டுகிறவர்களைச் சமாதானப்படுத்தி, லைனை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பவள். இதை முதன்முதலாகக் கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"அப்ப ஆளை லைன்லயே இழுத்துப் பிடிச்சு வைக்கிறதுக்குச் சம்பளமா? எங்க ஊர்ல அதுக்குக் கோர்ட் மார்ஷல் தாயி."

வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் விடமாட்டார். என் கணவர் மைக்ரோவேவ் அடுப்பு வாங்கி வந்த அன்று மாடி ஏறி வந்து அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். "ரேடார் குடும்பத்துப் பிள்ளை. எதிரி விமானத்தைத் தேடுன அலைய வச்சு நீ முந்தாநாள் வச்ச சாம்பாரைச் சுட வச்சுக்கிட்டு இருக்க." டின்னில் அடைத்த பால் பட்டாளத்துக்காரன் பசிக்கு வந்தது. பையில் கிடந்த கடிகாரத்தை மணிக்கட்டில் ஏற்றிவிட்டது சண்டை. செல்போன் வழி சொல்கிறதே, அது குண்டுக்கும் கப்பலுக்கும் வழி சொல்ல வானத்தில் ஏற்றி வைத்த ஏற்பாடு. எதைப் பற்றிச் சொன்னாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்: "இதுவும் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனதுதான். ரிட்டயர் ஆனா மட்டும் பழைய வேலை மறந்துருமா?"

இன்டர்நெட்டைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. சித்திரைத் திருவிழா சமயம். அத்தையும் நானும் மாசி வீதிப் பக்கம் போய்விட்டு, எல்லா வழியையும் அடைத்துவிட்டதால் ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கதையை வாசலில் நின்று சொன்னபோது மாமா சொன்னார்: "அதுதான் தாயி இன்டர்நெட்டு. அமெரிக்காக்காரன் பட்டாளத்துக் காசுல ஆரம்பிச்சது. சேதியத் துண்டு துண்டா வெட்டி, இந்தப் பாதை அடைச்சா அந்தப் பாதை, அதுவும் போச்சுன்னா இன்னொண்ணுன்னு விடுவாய்ங்க. பாதி ஊரு அழிஞ்சு போனாலும் சேதி மட்டும் போய்ச் சேர்ந்துரணும்."

சேதி போய்ச் சேர்வதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் தன் காதில் விழாத ஒன்றைத் திருப்பிக் கேட்கவே மாட்டார். 'என்ன?' 'என்ன சொன்ன?' என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வயதாக ஆகக் காது மந்தமானது. அப்போதும் கேட்க மாட்டார். விழுந்ததை வைத்துக்கொள்வார், விழாததை விட்டுவிடுவார். அத்தை அடுப்படியிலிருந்து "சாப்பிட வாங்க" என்று ஒரு தடவை சொல்லி, அது அவருக்குக் கேட்கவில்லை என்றால், பட்டினியாகவே உட்கார்ந்திருப்பார். "கல்யாணமான புதுசுல இந்த மனுசனுக்கு என்னையப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்டி" என்று அத்தை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "கேட்டதுக்குப் பதில் வராது. ஏன்னு கேட்டா, நீ சொன்னது விளங்கலன்றாரு. விளங்கலைன்னா கேக்க வேண்டியதுதானன்னா, எந்திரிச்சுப் போயிருவாரு."

தெருவில் ஒரு காதுகுத்து. மண்டபத்து வாசலில் படம் பிடிக்கிறவர்கள் டிரோன் விட்டார்கள். ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. அத்தை பட்டுப்புடவையில் நின்று எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மாமா எங்கிருந்தோ ஓடி வந்து, அவளைத் தோளைப் பிடித்து இழுத்து, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அத்தை புடவையெல்லாம் ரசம். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மாமா அவள் பின்னால் பத்தடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

அத்தைக்கு வாழ்நாள் முழுக்க இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் புருஷன் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவர் பட்டாளத்தில் இருந்தபோது தெரியாது, கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. ஓய்வு பெற்று வந்த பிறகாவது தெரியும் என்று நினைத்தாளாம். காலையில் செருப்பை மாட்டினால் "வெளிய போயிட்டு வாரேன்" என்பார். எந்த வெளியே என்று சொல்ல மாட்டார். டீ குடிக்கப் பசுமலைப் பக்கம் நடந்து போவதைக்கூட ரகசியமாக வைத்திருந்த மனிதர் அவர். ஐப்பசியில் ஒரு நாள் மட்டும் விடியலிலேயே போய்ச் சாயங்காலம் வருவார். கையில் வாழை நாரால் கட்டிய ஒரு கவுளி வெற்றிலை இருக்கும். இரண்டு பேருமே வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை. "எவளோ ஒருத்தி மடிச்சுக் குடுத்து விடுறாடி" என்று அத்தை கேலியாகத்தான் சொல்வாள். சொல்லும்போது கண் மட்டும் சிரிக்காது.

ஒரு நாள் அத்தை மாடி ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் சேமிப்பில் மாமாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கியிருந்தாள். "அவரு இருக்கிற இடம் ஏம் போன்ல தெரியுற மாதிரி வச்சுக் குடுடி. அவருக்குத் தெரிய வேணாம்." பேட்டரியைக் கழற்ற முடியாத போன். எனக்கு இது இரண்டு நிமிஷ வேலை. வைத்துக் கொடுத்தேன். அத்தையின் பிடிவாதத்துக்காக மாமாவும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் அத்தை முகத்தில் இருந்த தெளிச்சியை நான் என்னவென்று சொல்ல! கையில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். "இப்பப் பழங்காநத்தத்துல நிக்கிறாருடி." "பாலம் ஏறிட்டாரு." "நம்ம முக்குத் திரும்பிட்டாரு, பாரேன், பொட்டு நகருது!" புதுப்பெண் மாதிரி இருந்தாள். அவர் வருகிற நேரம் பார்த்து உலை வைத்து, அவர் செருப்பைக் கழற்றும்போது ஆவி பறக்கும் சோற்றை இலையில் போட்டாள்.

அதில்தான் மாட்டிக்கொண்டாள். எட்டாம் நாள் மாமா நேராக மாடிக்கு வந்து, அந்தப் போனை என் மேஜையில் வைத்தார்.

"ஒரு வாரமாச் சோறு சுடச்சுட இருக்கு. நான் எந்நேரம் வந்தாலும் சுடச்சுட இருக்கு" என்றார். "நீயா தாயி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் முக்கால் நிமிஷத்துக்கு மேல் பேசி நான் கேட்டது.

"மலை மேல ரெண்டு போஸ்ட்டு. இங்கிட்டு நான், அங்கிட்டு எங் கூட்டாளி. நம்ம பக்கத்து ஆளுதான். பனியில செட்டு கரகரன்னு இரையுது. அவன் தான் இருக்கிற இடத்தச் சொன்னான். எனக்குப் பாதி விளங்குச்சு. இன்னொரு தரம் சொல்லுன்னேன். சொன்னான். மறுபடி இரைச்சல். இன்னொரு தரம்னேன். மூணாந்தரம் பாதி சொல்லிக்கிட்டு இருக்கையில லைன் அந்துபோச்சு. ரொம்ப நேரம் செட்டு பேசுனா, எங்க இருந்து பேசுறான்னு எதிரி கண்டுபிடிச்சுக் குண்டு போட்டுருவான். முக்கா நிமிசம்தான் கணக்குன்னு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாய்ங்க தாயி. தெரிஞ்சேதான் கேட்டேன்."

எழுந்துகொண்டே, "முதல் தரமே விளங்குனத வச்சுச் சமாளிச்சிருக்கலாம்" என்றார்.

நான் அவர் முன்னாலேயே அந்த ஏற்பாட்டை நீக்கினேன். இனி யார் கேட்டாலும் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் பழைய பட்டன் போனுக்குத் திரும்பிவிட்டார். ஸ்மார்ட் போன் பெட்டிக்குள் போய்விட்டது. அத்தை மறுபடி ஆறிய சோற்றைப் போட ஆரம்பித்தாள்.

மூன்று வருஷம் போயிற்று. அவருக்கு மறதி வந்தது. பேட்டரியைச் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைத்தார். இருபது வருஷமாகக் கறி வாங்கும் கடைக்காரரிடம் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். ஒரு முறை அவனியாபுரத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர்கள் வண்டியில் ஏற்றி வந்தார்கள். வீட்டுக்கு வழி தெரியவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, "அத உங்கிட்டச் சொல்ல முடியாது" என்றாராம். எல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது, அந்த முக்கால் நிமிஷத்தைத் தவிர. பேசி முடித்ததும் அவர் விரல்கள் தானாகப் பேட்டரியைக் கழற்றின. ரிட்டயர் ஆன சாமான்களைப் பற்றி அவர் சொன்னது அவருக்கும் சரியாகத்தான் இருந்தது.

அத்தை மறுபடி மாடி ஏறி வந்தாள்.

"அந்தப் பொட்ட வச்சுக் குடுடி. சட்டையில தச்சு வைக்கிற மாதிரி என்னமோ இருக்காம்ல."

"அவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் அத்தை."

"உன் சத்தியத்த வச்சு நான் என்னடி பண்ண?"

பார்க்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். அவர் மனதுக்கு மதிப்புக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், யாரிடமும் எதையும் சொல்லாத மனிதர் என்னிடம் சொன்னார், என்னை நம்பினார் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனது வரவில்லை.

ஆவணியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அத்தை அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு எனக்கு போன் செய்தாள். என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு அவனியாபுரம், பழங்காநத்தம், பசுமலை என்று சுற்றினார். வேலையில் இருக்கும்போது சொந்த போனை வைத்துக்கொள்ளக் கூடாது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி மேஜையில் வைத்துக்கொண்டேன். மதியம் இரண்டரை மணிக்கு அது அடித்தது. அவர் நம்பர். அவர் போனில் இருந்ததே இரண்டு நம்பர்தான், அத்தையுடையதும் என்னுடையதும். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"தாயி, நான்தான்."

"மாமா! எங்க இருக்கீங்க?"

கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"வழி தெரியல தாயி" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "நான் இப்ப இருக்கிற இடம்..."

என் மாமா தான் இருக்கும் இடத்தைச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு பஸ் ஏர் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போயிற்று. எனக்குக் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. 'கரை.'

"மன்னிக்கணும், சரியாக் கேக்கல. தயவுசெஞ்சு இன்னொரு தரம் சொல்ல முடியுங்களா?"

ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் வாக்கியம் அது. யோசிக்காமல் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வேணாம் தாயி. நீ லைன்ல இருக்காத. வச்சிரு, வச்சிரு" என்றார் பதற்றமாக. லைன் போய்விட்டது. என் போன் நாற்பத்து மூன்று வினாடி என்று காட்டியது. திருப்பி அடித்தேன். சுவிட்ச் ஆஃப். எத்தனை தரம் அடித்தேன் என்று நினைவில்லை.

கடைசி அழைப்பு சோழவந்தான் பக்கத்து டவரிலிருந்து வந்தது என்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், கரைக்கு என்ன குறைச்சல்? ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை, போதாததற்குத் தென்கரை என்று ஒரு ஊரே உண்டு. நாங்கள் கரை கரையாக நடந்தோம். பாதி ஊர் அழிந்தாலும் சேதி போய்ச் சேரும் என்று அவர் சொன்னாரே, ஒரு பஸ் ஹாரனைத் தாண்டி வர முடியவில்லையே என்று எனக்குள் அடித்துக்கொண்டு அழுதேன். அத்தை என் முன்னால் நடந்தாள். ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

மறுநாள் மத்தியானம், வெற்றிலை கிள்ளப் போன பெண்கள் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வாய்க்கால் கரையில், ஒரு புங்க மரத்தில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். போன் சட்டைப் பையில் இருந்தது. பேட்டரி கால்சட்டைப் பையில் இருந்தது.

கூடி நின்றவர்களில் ஒரு அம்மா முன்னால் வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, எங்க அண்ணன்கூடப் பட்டாளத்துல இருந்தவரு! ஐப்பசியில எங்க அண்ணன் திதிக்கு வருசம் தவறாம வருவாரு. படத்துக்கு முன்னால நிப்பாரு, ஒரு சொம்பு தண்ணி குடிப்பாரு, ஒரு வார்த்தை பேசாமப் போயிருவாரு. நாந்தான் ஒரு கவுளி வெத்தலை குடுத்து விடுவேன். அந்தா தெரியுது பாருங்க எங்க வீடு!"

கூப்பிடு தூரம்தான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

அத்தை அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு நான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கேட்ட அந்த வாக்கியம் உட்பட. "உம் மேல எனக்குக் கோவம் இருக்குடி" என்றாள். "போகுமான்னு தெரியல. போகாட்டியும் நீ மாடியிலயே இரு." ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழம்பு மட்டும் மாடிக்கு வரும்.

வேலைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மாசம் தாங்கவில்லை. ஹெட்செட்டில் யாரோ ஒரு பெண் இரைச்சலுக்கு நடுவே தன் நம்பரைச் சொன்னாள். எனக்குப் பாதிதான் விழுந்தது. நான் சொல்ல வேண்டிய வாக்கியம் எதிரே திரையில் எழுதியிருந்தது. வாய் வரவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் பேப்பர் வேலை.

வருஷம் திரும்பி வந்த முதல் ஐப்பசி. அத்தை காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. மதியம் போன் வந்தது.

"நான் சோழவந்தான் வந்திருக்கேன்டி. இருக்கிற இடத்தச் சொல்லுறேன், கேட்டுக்க. வாய்க்கால் கரை. கொடிக்காலுக்கு மேற்க. புங்க மரத்தடி."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அத்தை அது போகும் வரை பொறுத்திருந்தாள். பிறகு நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள். "வாய்க்கால் கரை. கொடிக்காலுக்கு மேற்க. புங்க மரத்தடி. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தை."

மூன்றாம் தரமும் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. லைனில் காற்றுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எம்புட்டு நேரம் ஆச்சுடி?"

"ரெண்டு நிமிசம் தாண்டிருச்சு அத்தை."

"ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றாள். "ஒண்ணுமே ஆகலடி. இன்னொரு தரம் சொல்லவா?"

"சொல்லுங்க அத்தை" என்றேன்.